ஜெல்லுல ஒரே பேண்டு வந்துச்சு, அப்ப மோனோமர்தானே?

ஒரு புரோட்டீன கஷ்டப்பட்டு பியூரிஃபை பண்ணி முடிச்சதும் நாம பண்ற முதல் வேலை ஒரு எஸ்டிஎஸ் ஜெல் ஓட்டிப் பாக்கறதுதான், அதாவது புரோட்டீன்கள எடைப்படி பிரிச்சு கோடு கோடா (அதான் பேண்டு) காட்டற சோதனை. 30 கிலோடால்டன் பக்கத்துல அழகா ஒரே ஒரு பேண்டு நிக்கும், பாத்த சந்தோஷத்துல நோட்டுல "ப்யூர், மோனோமர்"னு எழுதிடுவோம். ப்யூர்னு எழுதினது சரி. மோனோமர்ங்கறத, அதாவது தனி ஆளா நிக்குதுங்கறத, அந்த ஜெல் சொல்லவே இல்லையே, நாமளா சேத்துக்கிட்டோம். நானும் இதே தப்ப எழுதிக் கொண்டுபோய் மீட்டிங்ல காட்டி, "எப்படித் தெரியும்?"னு ஒரே ஒரு கேள்வில வாயடச்சுப் போய் நின்னிருக்கேன், அதனால இந்த விஷயத்த மெதுவா அடிலேர்ந்து பாப்போம்.

## முதல்ல ஒலிகோமர்னா என்ன

புரோட்டீன்ங்கறது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, அது மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வரும். சில புரோட்டீன் அந்த ஒத்தச் சங்கிலியாவே வேலை பாக்கும், அதுக்குப் பேர் மோனோமர். நெறைய புரோட்டீன் தனியா நிக்காது, தன்ன மாதிரியே இன்னொண்ணோட ஒட்டிக்கும். ரெண்டு சேந்தா டைமர், மூணு ட்ரைமர், நாலு டெட்ராமர், ஆறு ஹெக்ஸாமர். இப்படி எண்ணிச் சொல்ற அளவுக்குச் சேந்த கூட்டுக்குப் பொதுப்பேர் ஒலிகோமர், அதுல இருக்கற ஒவ்வொரு சங்கிலியும் சப்யூனிட். எண்ணிக்கையே இல்லாம கன்னாபின்னான்னு ஒட்டிக்கிட்டா அது அக்ரிகேட், கெட்டுப்போன சரக்குன்னு வெச்சுக்கோங்க, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேணாம்.

எடைய கிலோடால்டன்ல சொல்லுவோம். ஒரு ஹைட்ரஜன் அணுவோட எடை ஏறக்குறைய 1 டால்டன், அதுல ஆயிரம் மடங்கு 1 கிலோடால்டன்.

கூட்டத்துல கை கோத்துக்கிட்டு நிக்கற ஆட்கள நெனச்சுக்கோங்க. ஒவ்வொரு ஆளோட எடையும் உங்களுக்குத் தெரியும். கை கோத்தது கோத்தபடி ஒரு கொத்த அப்படியே தராசுல ஏத்தி, வந்த எடைய ஒரு ஆளோட எடையால வகுத்தா எத்தன பேர்னு தெரிஞ்சிடும். மொத்த விஷயமும் இந்த ஒரு வகுத்தல் கணக்குதான். தனி ஆள் எடை, கொத்தோட எடை, இந்த ரெண்டும் வேணும். முதல் எடை சுலபம், ஜீன் சீக்வென்ஸப் பாத்தாலே கணக்குப் போட்டுடலாம். ரெண்டாவது எடையில்தான் ஆளாளுக்கு வழுக்கி விழறாங்க.

## 1925லயே போட்ட கணக்கு

ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின்ல இரும்பு எவ்வளவுன்னு பழைய காலத்துலயே அளந்து வெச்சிருந்தாங்க, எடையில சுமார் 0.335 சதவீதம். ஒரு இரும்பு அணு 55.85 டால்டன். அப்ப ஒரு துண்டுக்கு ஒரு இரும்புன்னு வெச்சா அந்தத் துண்டு குறைஞ்சது 55.85 / 0.00335, அதாவது கிட்டத்தட்ட 16,700 டால்டன் இருக்கணும். தனி ஆள் எடை கெடச்சாச்சு.

கொத்தோட எடைக்கு கேம்பிரிட்ஜ்ல கில்பர்ட் அடேர் ஆஸ்மாட்டிக் பிரஷர அளந்தார். அது கரைசல்ல எத்தன துகள் தனித்தனியா மெதக்குதுங்கறத மட்டும் பாக்கற அளவு, துகள் குட்டியா குண்டாங்கறதப் பத்தி அதுக்குக் கவலையே கிடையாது. இத்தன கிராம் போட்டேன், இத்தன துகள்தான் இருக்கு, அப்ப ஒரு துகள் எவ்வளவுன்னு கணக்குப் போட்டா 67,000 பக்கத்துல வந்துச்சு. 67,000த்த 16,700ஆல வகுத்தா 4. ஹீமோகுளோபின் டெட்ராமர். அதே சமயத்துல ஸ்வீடன்ல உப்சாலாவுல ஸ்வெட்பர்க் அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ்ல சுத்திப் பாத்ததுலயும் அதே அளவுக்குத்தான் எடை வந்துச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, கொத்தப் பிரிக்காம அளந்தாங்க.

## எஸ்டிஎஸ் ஜெல் பிரிச்சுட்டுத்தான் எடை போடும்

இதே ஹீமோகுளோபின எஸ்டிஎஸ் ஜெல்லுல ஓட்டினா 16 பக்கத்துலதான் பேண்டு வரும், நாலு சேந்த 64ல ஒண்ணும் இருக்காது. ஏன்னா எஸ்டிஎஸ்ங்கறது ஒரு சோப்பு. சாம்பிள்ல அதப் போட்டுக் கொதிக்க வெச்சதும் புரோட்டீனோட மடிப்பெல்லாம் அவுந்து, சங்கிலி முழுக்க சோப்பு ஒட்டிக்கும், 1 கிராம் புரோட்டீனுக்கு சுமார் 1.4 கிராம் சோப்பு. கூடவே டிடிடிங்கற கெமிக்கலப் போட்டா சங்கிலிகளுக்கு நடுவுல இருக்கற சல்ஃபர் பாலமும் உடைஞ்சிடும். கை கோத்து நின்னவங்கள ஒவ்வொருத்தரா பிச்சு இழுத்து வரிசைல விட்டுட்டு, "பாருங்க, எல்லாரும் தனியாத்தான் வந்திருக்காங்க"ன்னு சொல்ற கதை இது.

சில முரட்டுப் புரோட்டீன் விதிவிலக்கு. ஸ்ட்ரெப்டாவிடின கொதிக்க வெக்காம ஓட்டினா எஸ்டிஎஸ் இருந்தாலும் டெட்ராமராவே போகும். அதனால ஜெல்லுல ரெண்டு மடங்கு எடையில மங்கலா ஒரு பேண்டு தெரிஞ்சா அது ஒரு துப்பா இருக்கலாம், ஆனா அது தெரியலேங்கறத வெச்சு மோனோமர்னு சொல்ல முடியாது.

சுருக்கமா: எஸ்டிஎஸ் ஜெல் தர்றது தனி ஆள் எடை. வகுத்தல் கணக்குல கீழ போடற நம்பர். மேல போட வேண்டிய நம்பர் இன்னும் கைல இல்ல.

## ஜெல் ஃபில்ட்ரேஷன், எல்லாரும் பண்றது, எல்லாரும் தப்பாப் படிக்கறது

அடுத்து எல்லாரும் ஓடறது ஜெல் ஃபில்ட்ரேஷனுக்கு, இன்னொரு பேர் எஸ்ஈசி. (லேப்ல காலம்னு சொல்வோம், எழுத்துல அது நேரம்னு ஆயிடுது, அதனால இங்க குழாய்னே வெச்சுக்கறேன்.) நீளமான கண்ணாடிக் குழாய், உள்ள பூரா நுண்ணிய மணிகள், ஒவ்வொரு மணிலயும் ஓட்டைகள். பெரிய புரோட்டீன் ஓட்டைக்குள்ள நுழைய முடியாம மணிகளுக்கு நடுவுல நேரா வழுக்கிட்டு முதல்ல வெளிய வந்துடும். சின்னது ஒவ்வொரு ஓட்டையா உள்ள போய் வெளிய வந்து, வேடிக்கை பாத்துக்கிட்டே வர்ற கொழந்த மாதிரி கடைசில வந்து சேரும்.

24 மில்லி குழாய்ல நிமிஷத்துக்கு அரை மில்லி வேகத்துல விட்டா முக்கால் மணிநேரத்துக்கு மேல ஸ்க்ரீனயே பாத்துக்கிட்டு உக்காரணும். 8 மில்லி பக்கத்துல பீக் (புரோட்டீன் வெளிய வர்றதக் காட்டற மேடு) எழும்பினா வயித்துல புளியக் கரைக்கும், ஏன்னா அது வாய்டு, ஓட்டைக்குள்ள நுழையவே முடியாத சைஸ், பெரும்பாலும் அக்ரிகேட். அத தாண்டி கோடு தட்டையா ஓடி, 14 மில்லி கிட்ட ஒரு அழகான பீக் எழும்பினா மூச்சு வரும். அதுக்கப்புறம் எடை தெரிஞ்ச புரோட்டீன்கள, உதாரணத்துக்கு அல்டோலேஸ் 158, ஓவல்புமின் 44, ரைபோநியூக்ளியேஸ் 13.7, இதையெல்லாம் ஓட்டி ஒரு கோடு வரஞ்சு, நம்ம பீக் அந்தக் கோட்டுல எங்க விழுதுன்னு பாத்து எடை படிப்பாங்க.

இங்கதான் வழுக்கல். குழாய் எடை போடல, சைஸ்தான் பாக்குது. தண்ணில அந்தப் புரோட்டீன் உருண்டு பொரளும்போது எவ்வளவு எடம் அடைக்குதோ அந்த ஆரம்தான் அதுக்குத் தெரியும், அதுக்குப் பேர் ஹைட்ரோடைனமிக் ரேடியஸ். நாம ஓட்டற ஸ்டாண்டர்டெல்லாம் உருண்டையா கச்சிதமா இருக்கற புரோட்டீன்கள். நம்மளது நீளக் குச்சி மாதிரி இருந்தாலோ, பாதி மடியாம அவிழ்ந்த நூலா தொங்கினாலோ, எடை கம்மியா இருந்தும் பெரிய எடம் அடைக்கும், சீக்கிரமே வெளிய வந்துடும். ஒல்லியா ஒருத்தர் குடைய விரிச்சுக்கிட்டு வாசல்ல நுழையப் பாக்கற மாதிரி.

இதுக்கு ஆல்ஃபா சைனியூக்ளின விட நல்ல உதாரணம் இல்ல. மூளைல இருக்கற புரோட்டீன், பார்கின்சன் நோயோட சம்பந்தப்பட்டது, 140 அமினோ அமிலம், எடை 14.5 கிலோடால்டன். எஸ்ஈசில விட்டா 60க்குக் கிட்டத்துல வரும். வகுத்துப் பாருங்க, கச்சிதமா 4, டெட்ராமர்னு சத்தியமே பண்ணலாம் போல இருக்கும். ஆனா பாக்டீரியால வளத்து எடுத்த ஆல்ஃபா சைனியூக்ளின் பெரும்பாலும் மோனோமர்தான், மடிப்பே இல்லாம அவிழ்ந்து கெடக்கற சங்கிலிங்கறதால அவ்வளவு பெருசாத் தெரியுது. 4ன்னு முழு எண் வந்துச்சுங்கறதுக்காக மட்டும் நம்பக்கூடாது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். புரோட்டீன் மணிமேல லேசா ஒட்டி ஒட்டி வந்தா லேட்டா வெளிய வந்து, இருக்கறத விட சின்னதா தெரியும். அதுக்குத்தான் பஃபர்ல (புரோட்டீன் கரைஞ்சிருக்கற கரைசல்ல) 150 மில்லிமோலார் உப்பாவது போடுவாங்க.

அப்ப எஸ்ஈசி வீணா? இல்ல, சாம்பிள் சுத்தமா, ஒரே மாதிரி கொத்துதானா, அக்ரிகேட் எவ்வளவுன்னு பாக்க அத விட நல்ல வழி கம்மி. அதுலேர்ந்து வர்ற எடைய மட்டும் சும்மா ஒரு ஊகம்னு வெச்சுக்கோங்க.

## வெளிச்சத்தால எடை போடறது

குழாய்லேர்ந்து வெளிய வர்ற தண்ணிய அப்படியே ஒரு லேசர் வழியா விட்டு, பல கோணத்துல எவ்வளவு வெளிச்சம் செதறுதுன்னு அளக்கறதுக்குப் பேர் மால்ஸ். குழாயோட சேத்து எஸ்ஈசி-மால்ஸ்னு சொல்வாங்க. என் கணக்குல, கைக்கு எட்டற தூரத்துல இருந்தா முதல்ல இதத்தான் பண்ணணும்.

வெளிச்சம் எப்படி எடை சொல்லும்? ஒரு ஊஞ்சல ரெண்டு பேர் தள்ளறாங்கன்னு வெச்சுக்கோங்க. ஆளுக்கொரு நேரத்துல தோணினபடி தள்ளினா சராசரியா ரெண்டு ஆளோட வேலைதான் நடக்கும். ரெண்டு பேரும் சேந்து ஒரே நேரத்துல தள்ளினா வீச்சு ரெண்டு மடங்கு, அதுல இருக்கற சக்தி நாலு மடங்கு. புரோட்டீனும் அப்படித்தான். ரெண்டு சப்யூனிட் தனித்தனியா மெதந்தா செதறற வெளிச்சம் 1 + 1 = 2. ஒட்டிக்கிட்டு டைமரா இருந்தா, லேசரோட அலைநீளத்தோட ஒப்பிட்டா ரெண்டும் ஒரே இடத்துல இருக்கற மாதிரி, ரெண்டோட அலையும் தாளம் தப்பாம சேந்து 4 ஆயிடும். புரோட்டீன் அளவு மாறவே இல்ல, வெளிச்சம் மட்டும் ரெண்டு மடங்கு. அதனால செதறின வெளிச்சத்த புரோட்டீனோட செறிவால வகுத்தா நேரா கொத்தோட எடை வந்துடும். செறிவ அளக்க பக்கத்துலயே இன்னொரு டிடெக்டர் இருக்கும்.

குச்சியா, உருண்டையா, அவிழ்ந்த நூலாங்கற கவலையே இங்க இல்ல, ஸ்டாண்டர்ட் கோடும் வேணாம். நல்லா ஓட்டினா 5 சதவீதத்துக்குள்ள எடை வரும். பீக் மேல எடைய ஒரு கோடா போட்டுக் காட்டும், அந்தக் கோடு தட்டையா இருந்தா ஒரே வகைக் கொத்து. முன்பக்கம் ஒசந்து பின்பக்கம் சரிஞ்சா ரெண்டு வகை கலந்திருக்கு, இல்லேன்னா சேந்து சேந்து பிரியுதுன்னு அர்த்தம்.

இதோட பேர் கேட்டா ஒண்ணு மாதிரியே இருக்கற இன்னொண்ணு டிஎல்எஸ். நெறைய பேர் ரெண்டும் ஒண்ணுன்னு நெனக்கறாங்க. டிஎல்எஸ் எவ்வளவு வெளிச்சம்ங்கறத விட அது எவ்வளவு வேகமா மினுக்குதுன்னு பாத்து, துகள் எவ்வளவு வேகமா அலையுதுன்னு கண்டுபிடிச்சு, மறுபடியும் ஆரத்ததான் சொல்லும். உருண்டையா இருக்கற மோனோமர் ரெண்டு சேந்து ரெண்டு மடங்கு எடையுள்ள உருண்டையா ஆனா ஆரம் வெறும் 1.26 மடங்குதான் கூடும், அந்த வித்தியாசத்த டிஎல்எஸ்ஸால பிரிச்சுக் காட்ட முடியாது. அதுக்கு மேல, செதறற வெளிச்சம் ஆரத்தோட ஆறாவது அடுக்குல ஏறும், 10 மடங்கு பெரிய ஒரு துகள் 10 லட்சம் குட்டித் துகள் தர்ற வெளிச்சத்த ஒத்த ஆளா தரும். அக்ரிகேட் இருக்கான்னு மோப்பம் பிடிக்க டிஎல்எஸ் பிரமாதம், மோனோமரா டைமரான்னு அதுகிட்ட கேக்காதீங்க.

## மத்த வழிகள், ஓட்டமா

அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ், அதாவது ஏயூசி, ஸ்வெட்பர்க் காலத்து ஐடியாதான், இன்னும் மதிப்பு கொறயல. பயங்கர வேகத்துல சுத்தி புரோட்டீன் எப்படி அடில எறங்குதுன்னு பாக்கறது. மெதுவா சுத்தி, எறங்கறதும் பரவறதும் சமமாகற வரைக்கும் காத்திருந்தா உருவத்தப் பத்திக் கவலைப்படாம எடை கெடைக்கும், நாள் கணக்குல ஆகும்.

நேட்டிவ் மாஸ் ஸ்பெக், கொத்த உடைக்காம மெதுவா காத்துல பறக்க விட்டு எடை போடறது. எண்ணிக்கை பெருசாகும்போது இதோட அருமை தெரியும். ட்ராப்னு ஒரு பாக்டீரியா புரோட்டீன் இருக்கு, மோதிரம் மாதிரி 11 சப்யூனிட். 11க்கும் 12க்கும் எடையில 9 சதவீதம்தான் வித்தியாசம், மால்ஸ்ல 5 சதவீதம் இப்படி அப்படி ஆச்சுன்னா மாட்டிக்குவீங்க, இங்க அந்தப் பிரச்சினை இல்ல. ஆனா சாதாரண உப்பு பஃபர் ஆகாது, அம்மோனியம் அசிடேட்டுக்கு மாத்தணும், அந்த மாற்றத்துலயே சில கொத்து பிரிஞ்சுடும்.

மாஸ் ஃபோட்டோமெட்ரி புதுசு, 2018ல ஆக்ஸ்ஃபோர்ட்லேர்ந்து வந்தது. கண்ணாடி மேல ஒவ்வொரு துகளா வந்து உக்காரும்போது அதோட வெளிச்சத்த வெச்சு ஒண்ணொண்ணா எடை போடும். துளி சாம்பிள் போதும், சில நிமிஷத்துல முடிஞ்சுடும். 30-40 கிலோடால்டனுக்குக் கீழ கண்ணு தெரியாது.

குளூட்டரால்டிஹைட் போட்டு கொத்த நிரந்தரமா ஒட்டவெச்சு எஸ்டிஎஸ் ஜெல் ஓட்டறதும் ஒண்ணு, செலவே இல்லாத வழி. ஆனா பசை கொஞ்சம் கூடிப்போச்சுன்னா சும்மா பக்கத்துல போனதெல்லாம் ஒட்டிக்கும், சாட்சிக்கு ஒட்டவே ஒட்டாத ஒரு புரோட்டீனையும் கூட ஓட்டலேன்னா நான் நம்ப மாட்டேன்.

இதுவரைக்கும்: எஸ்ஈசியும் டிஎல்எஸ்ஸும் சைஸ் சொல்லும். மால்ஸ், ஏயூசி, நேட்டிவ் மாஸ் ஸ்பெக், மாஸ் ஃபோட்டோமெட்ரி எடை சொல்லும். எஸ்டிஎஸ் ஜெல் பிரிச்சதுக்கப்புறம் இருக்கற எடைய சொல்லும்.

## ரெண்டு லேப், ரெண்டு விடை, ரெண்டும் சரி

இப்ப உண்மையான சிக்கலுக்கு வருவோம். "இது மோனோமரா டைமரா?"ங்கற கேள்வியே பாதிக் கேள்விதான், எந்தச் செறிவுலன்னு சேத்துக் கேக்கணும். சப்யூனிட்டுங்க ஒட்டறதும் பிரியறதும் நடந்துக்கிட்டே இருக்கும். கூட்டம் நெருக்கமா இருந்தா பிரிஞ்ச கை உடனே இன்னொரு கையப் பிடிச்சுக்கும், பெரிய மைதானத்துல பத்துப் பேர விட்டா பிரிஞ்சவங்க பிரிஞ்சவங்கதான். இந்த ஒட்டற பலத்துக்கு ஒரு நம்பர் இருக்கு, கேடி. மொத்தப் புரோட்டீன் செறிவு கேடிக்குச் சமமா இருந்தா சரிபாதி சங்கிலி மோனோமராவும் மீதிப் பாதி டைமருக்குள்ளயும் இருக்கும்.

ஒரு புரோட்டீனுக்கு கேடி 1 மைக்ரோமோலார்னு வெச்சுக்குவோம். 10 மைக்ரோமோலார்ல எஸ்ஈசி-மால்ஸ் ஓட்டற ஆளுக்கு 80 சதவீதம் டைமர். அதே புரோட்டீன 20 நானோமோலார்ல மாஸ் ஃபோட்டோமெட்ரில பாக்கற ஆளுக்கு 96 சதவீதம் மோனோமர். ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு திரிவாங்க, ரெண்டு பேர் டேட்டாவுலயும் ஒரு தப்பும் இருக்காது. இன்னொண்ணு, குழாய்ல போட்ட செறிவோட புரோட்டீன் வெளிய வராது, போற வழிலயே பல மடங்கு நீத்துப்போயிடும், அதனால பீக்ல இருக்கற செறிவ எழுதி வெக்கணும்.

இன்சுலின் இதுக்குக் கண்கண்ட சாட்சி. மோனோமர் 5.8 கிலோடால்டன், உடம்புல வேலை பாக்கறது அதுதான். துத்தநாகம் இருந்து, செறிவும் ஜாஸ்தியா இருந்தா ஆறு சேந்து ஹெக்ஸாமர் ஆயிடும், கணையத்துல சேமிச்சு வெக்கறது அப்படித்தான். ஊசில போட்டதும் ஹெக்ஸாமர் நீத்துப்போய்ப் பிரிஞ்சு மோனோமர் ஆகற வரைக்கும் லேட் ஆகுது, அதனால பி சங்கிலில 28, 29வது எடத்துல இருக்கற புரோலினையும் லைசினையும் எடம் மாத்திப் போட்டு ஒட்டற பலத்தக் கொறச்சாங்க. அதான் லிஸ்ப்ரோ, வேகமா வேலை செய்யற இன்சுலின்.

## டேக் பண்ற கூத்து

பியூரிஃபை பண்ண வசதியா புரோட்டீன் வால்ல ஒரு டேக் மாட்டுவோம். ஜிஎஸ்டின்னு ஒரு டேக் (வரி இல்லீங்க), அது தானே ஒரு டைமர். அத மாட்டின எந்தப் புரோட்டீனும் டைமர்னுதான் காட்டும், வெட்டி எடுத்துட்டுப் பாக்கணும். ஹிஸ் டேக் (நிக்கல்ல ஒட்டிக்கற சின்ன வால்) அவ்வளவு மோசம் இல்ல, ஆனா நிக்கல் கொஞ்சம் கழண்டு கூட வந்தா ரெண்டு டேக்க சேத்துப் பிடிச்சு வெச்சிடும், நிக்கலப் பிடிச்சுக்கற ஈடிடிஏ போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க. மெம்ப்ரேன் புரோட்டீன்னா (செல்லோட சவ்வுல இருக்கறது) சுத்தி ஒட்டிக்கிட்டிருக்கற டிடர்ஜென்ட்டோட, அதாவது சோப்போட எடையும் சேந்து வரும், அதக் கழிக்காம வகுத்தா மோனோமரே டைமரா தெரியலாம்.

கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர்ல (புரோட்டீன படிகமாக்கிக் கண்டுபிடிச்ச உருவத்துல) ரெண்டு ஒட்டி நிக்குதேன்னு கேப்பாங்க. கிரிஸ்டல்னாலே எல்லாம் ஒண்ணோட ஒண்ணு நெருக்கி அடுக்கினதுதான், பக்கத்துல நிக்கறவங்கல்லாம் சொந்தக்காரங்க ஆயிட மாட்டாங்க. கம்ப்யூட்டர் போட்டுத் தர்ற டைமர் மாடலும் அப்படித்தான், நல்ல துப்பு, கரைசல்ல பாத்து உறுதி பண்ணிக்கணும்.

## ஒரு கணக்க முழுசா பாப்போம்

சீக்வென்ஸ் படி 30 கிலோடால்டன், ஜெல்லுலயும் 30. எஸ்ஈசில 75ன்னு வருது. 75 / 30 = 2.5, ரெண்டரை ஆள்னு ஒண்ணு கிடையாது. நீளமான டைமரா இருக்கலாம், லேசா ஒட்டிக்கிட்டு லேட்டா வந்த ட்ரைமரா இருக்கலாம், பாதி அவிழ்ந்த மோனோமரா கூட இருக்கலாம். இங்கயே "டைமர்னு நெனக்கிறோம்"னு எழுதி முடிச்சுடறவங்கதான் ஜாஸ்தி.

மால்ஸ்ல போட்டா 59. வகுத்தா 1.97. டைமர், கொஞ்சம் நீளமானது. ஆனா எடைக் கோடு பீக்கோட வால்ல 50க்கு சரியுது, சந்தேகமா இருக்கு, அதனால போட்ட செறிவ பத்துல ஒரு பங்காக் கொறச்சு மறுபடி ஓட்டறோம். இப்ப பீக் கொஞ்சம் தள்ளி லேட்டா வருது, எடை 46. பிரிய ஆரம்பிச்சிருக்கு. டேக்க வெட்டிட்டும் ஓட்டியாச்சு, அதே கதைதான், அப்ப டேக் மேல பழி இல்ல. நோட்டுல எழுத வேண்டியது: "பீக்ல 10 மைக்ரோமோலார் இருக்கறப்ப, 150 மில்லிமோலார் உப்பு, பிஹெச் 7.5, பெரும்பாலும் டைமர். 1 மைக்ரோமோலார்ல மோனோமரும் டைமரும் கலந்து இருக்கு. கேடி அந்தப் பக்கத்துல எங்கயோ, ஏயூசில பாக்கணும்."